உருக்கும் மூட்டும் – 12: இளகிய ராடு, இறுகிய மூட்டு

690 மெகாபாஸ்கல் தகைவு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் உருக்குத் தகடுகள் உண்டு. கிரேன் கைகள் இந்த ரகத் தகட்டில் செய்யப்படுபவை. அந்தத் தகட்டுக்குரிய வெல்டிங் ராடு 11018. ஆனால் சில மூட்டுகளுக்கு 7018 போதும் என்று வரைபடமே சொல்லும். 7018 உருகி உறைந்தபின் உறுதியளிக்கும் இழுவலிமை 490 மெகாபாஸ்கல்தான். பார்ப்பவர்களுக்கு இது சிக்கனம் போலத் தோன்றும். உண்மையான காரணம் ஹைட்ரஜன். வெல்டிங் உலோகம் வலுக்கூடக்கூட, அதற்குள் மாட்டிக்கொண்ட ஹைட்ரஜனால் விரிசல் விடும் அபாயமும் கூடுகிறது. அந்த விரிசல் உடனே வராது. வேலை முடிந்து, சூடு ஆறி, எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு வரும். அதனால்தான் இத்தகைய மூட்டுகளை 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

சரி, வலிமை? தகட்டின் நீளவாக்கில் ஓடும் வெல்டிங்கில் கவலையே இல்லை. இழுக்கும்போது தகடும் வெல்டிங்கும் சேர்ந்தே நீள்கின்றன; சுமையில் பெரும்பங்கைத் தகடு வாங்கிக்கொள்கிறது. குறுக்காக இழுபடும் மூட்டில்தான் சுவாரசியம். அங்கே முழுச் சுமையும் 7018 உறைந்து உண்டான மென்பட்டையைக் கடந்துதான் போயாக வேண்டும். ஆனாலும் மூட்டின் வலிமை 490-ஐத் தாண்டும்!

எந்த உலோகமும் நீளும்போது பக்கவாட்டில் ஒடுங்கப் பார்க்கும். இங்கே இருபுறமும் ஒட்டியிருக்கும் கடினத் தகடு ஒடுங்க விடுவதில்லை. செங்கல் சுவரில் மெல்லிய சாந்துப் படலம், தனிச் சாந்துக் கட்டியைவிட அதிகப் பாரம் தாங்குவதும் இதே தயவில்தான். ஒன்று இழுவை, மற்றது அழுத்தம், அவ்வளவே. 1970-இல் ஜப்பானில் சாட்டோ, டொயோடா இருவரும் வெல்டிங் மூட்டுகளில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் மென்பட்டையின் அகலத்துக்கும் தகட்டின் தடிமனுக்கும் உள்ள விகிதம். அகலம் குறையக்குறைய மூட்டின் வலிமை தகட்டின் வலிமையை நெருங்கும். வெள்ளிக் கலவையால் பிரேசிங் செய்யும்போது இடைவெளியை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வைப்பதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. வாயகன்ற 'வி' பள்ளம் வெட்டி நிரப்பினால் மேற்புறத்தில் இந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சுமை எல்லை மீறும்போது நீட்சி முழுவதும் அந்தக் குறுகிய பட்டையில் குவிகிறது; தகடு அசையாமல் நிற்கிறது. ஆகவே நிலநடுக்கத்தில் வளைந்து கொடுக்கவேண்டிய சட்டங்களிலும், மண் நகரும் இடத்துக் குழாய்களிலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்காக, வலுவான ராடு போட்டால் தீர்ந்தது என்றும் எண்ணவேண்டாம். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருக்குச் சட்டகக் கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங்குகள் பிளந்தன. எண்ணளவில் அந்த வெல்டிங் உலோகத்தின் வலிமை உத்தரத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் விரிசலைத் தடுத்து நிறுத்தும் குணம் அதற்கு மிகக் குறைவாக இருந்தது.

(தொடரும்)