விரிசல் சொல்லும் காரணம்

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் தாப்பா ரோடு இரயில் நிலையம் உள்ளது. கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓடும் மின்சார இரயில்கள் இன்று அவ்வழியே செல்கின்றன. முன்பு அங்கிருந்து ஒரு கிளைப்பாதையும் பிரிந்து சென்றது. 1893ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதை, தாப்பா வட்டாரத்தைத் தெலுக் ஆன்சன் துறைமுகத்துடன், அதாவது இன்றைய தெலுக் இந்தானுடன் இணைத்தது. ஈயமும் பின்னர் இரப்பரும் அவ்வழியே துறைமுகத்தை அடைந்தன. 1980களின் இறுதியில் அப்பாதை மூடப்பட்டது.

இவ்வாறு மறைந்துபோனவற்றை மீண்டும் கண்முன் நிறுத்த ஒரு வழி உண்டு. உண்மையான பொருளை ஒரே விகிதத்தில் சிறிதாக்கி மாதிரி உருவமாகச் செய்வதே அவ்வழி. மாதிரி இரயில்களுக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் விகிதம் 1:87 ஆகும். இவ்விகிதத்தில் 20 மீட்டர் நீளமுள்ள இரயில் பெட்டி, 23 சென்டிமீட்டராகச் சுருங்கி மேசைமீது வந்துவிடும். ஆனால், பல நாள் உழைத்துச் செய்த மாதிரியின் சாயம் ஒரே இரவில் விரிசல் விட்டுவிடுவதும் உண்டு. அப்போது பலரும் விரிசலை மறைக்க அதன்மேல் மேலும் சாயம் பூசுகின்றனர். சில நாள்களில் அதே இடத்தில் விரிசல் மீண்டும் தோன்றுகிறது. விரிசல் மேலே தெரிந்தாலும் அதன் காரணம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. அதைக் கண்டறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு நிலைக்காது.

காரணத்தை அறிய, விரிசலின் வடிவத்தை உற்றுநோக்க வேண்டும். வறண்ட குளத்தின் சேறு வெடித்ததுபோல் விரிசல் காணப்பட்டால், சாயம் தடிப்பாகப் பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். சாயத்தில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது சாயப்படலம் சுருங்குகிறது. தடித்த பூச்சில் மேற்பகுதி முதலில் காய்ந்து இறுகிவிடும். உட்பகுதி பிறகு காய்ந்து சுருங்கும்போது இறுகிய மேற்பகுதி இழுக்கப்பட்டுப் பிளக்கிறது. தடித்த பூச்சு இன்னொரு கேட்டையும் விளைவிக்கும். 1:87 மாதிரியில் 0.1 மில்லிமீட்டர் தடிப்பு, உண்மையான இரயிலில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சமம். எனவே, ஆணித்தலை, கதவு விளிம்பு போன்ற நுண்ணிய பகுதிகள் சாயத்திற்குள் புதைந்துவிடும்.

சூடான பாலின்மேல் படிந்த ஆடையைப்போல் சாயம் சுருக்கம் விழுந்திருந்தால், ஒன்றுக்கொன்று ஒவ்வாத சாயங்கள் பூசப்பட்டிருக்கலாம். மாதிரிகளுக்கு அக்ரிலிக், எனாமல், லேக்கர் என மூவகைச் சாயங்கள் பயன்படுகின்றன. இவற்றுள் லேக்கரின் கரைப்பான் மிகவும் வீரியமானது. எனாமல் பூச்சின்மேல் லேக்கரைப் பூசினால், அக்கரைப்பான் அடிப்பூச்சைத் தாக்கி இளக வைக்கிறது. மாறாக, நன்கு காய்ந்த லேக்கர்மேல் எனாமல் பூசினால் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை.

வெங்காயத் தோலைப்போல் சாயம் உரிந்து வந்தால், அது பரப்பில் பற்றவே இல்லை என்று அறியலாம். பிளாஸ்டிக் பாகங்களை அச்சிலிருந்து எளிதாக எடுக்கத் தடவப்படும் எண்ணெய்ப் பொருள் அவற்றின்மேல் தங்கியிருக்கலாம். கைவிரலின் எண்ணெய்ப்பசையும் இதற்குக் காரணமாகலாம். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரில் கழுவி, உலர்த்தி, முதற்பூச்சு பூசிய பின்னரே சாயம் பூச வேண்டும்.

இக்காரணங்களோடு மலேசியாவின் வானிலையும் சேர்ந்துகொள்கிறது. பிற்பகல் மழை அடிக்கடி பெய்யும் தாப்பா போன்ற ஊர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஈரக் காற்றில் துணி மெதுவாகக் காய்வதைப்போல் நீர் கலந்த சாயமும் மெதுவாகவே காயும். தொட்டால் ஒட்டாத சாயம் உள்ளே ஈரமாகவே இருக்கலாம். அதன்மேல் அடுத்த பூச்சைப் பூசினால் விரிசல் தோன்றும். புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம் போதாமல் போகலாம். எனாமல், லேக்கர் சாயங்கள் காய்ந்தனவா என்பதை மூக்கே சொல்லிவிடும். வாடை வந்துகொண்டிருந்தால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. விரைவாகக் காயட்டும் என்று கடும் வெயிலில் வைப்பதும் தவறு. வெப்பத்தால் மேற்பகுதி முந்திக் காய்வதோடு பிளாஸ்டிக்கும் வளைந்துவிடும்.

விரிசல் விட்ட மாதிரியைக் குப்பையில் எறியத் தேவையில்லை. முதலில் சாயத்தைச் சில நாள்கள் முழுமையாகக் காயவிட வேண்டும். விரிசல் மேலோட்டமாக இருந்தால், நீரில் நனைத்த 600ஆம் எண் உப்புத்தாளாலும் பிறகு 1000ஆம் எண் உப்புத்தாளாலும் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தலாம். அதன்பின் மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். சாயம் அடிவரை உரிந்தால் முழுவதையும் அகற்றிவிட்டு மறுபடியும் தொடங்குவதே நல்லது. புதிய சாயத்தை முதலில் பழைய பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் பூசிச் சோதித்தால் மாதிரிக்குச் சேதம் நேராது. தின்னர், லேக்கர் ஆகியவற்றின் ஆவி மூச்சுக்குத் தீங்கானது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. அவற்றைக் காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து, பெரியவர்களின் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டும்.

விரிசல் எப்போதும் குறையாகிவிடுவதில்லை. லியோனார்டோ டா வின்சி மரப்பலகையில் தீட்டிய மோனா லிசா ஓவியத்தில் வலைபோன்ற நுண்விரிசல்கள் உள்ளன. அவை அதன் வயதைக் காட்டுகின்றன. தேர்ந்த மாதிரிக் கலைஞர்கள் வெயிலிலும் மழையிலும் பழுதான லயன் வீட்டுப் பலகைச் சுவரைக் காட்ட வேண்டுமென்றே விரிசலை உண்டாக்குகின்றனர். அடிப்பூச்சின்மேல் வெள்ளைப் பசையைத் தடவி, அது பாதி காய்ந்ததும் நீர் கலந்த சாயத்தைப் பூசுகின்றனர். மேற்சாயம் விரைவாகக் காய்ந்து இறுகும்போது, இளகிய பசையின்மேல் பிளந்து அடிநிறத்தைக் காட்டுகிறது. அவசரக்காரரின் மாதிரியைக் கெடுத்த அதே காரணம்தான் இங்கே பழைய சுவருக்கு உயிரூட்டுகிறது. காரணத்தை அறிந்தவருக்கு விரிசலைத் தவிர்க்கவும் தெரியும். தேவையான இடத்தில் வரவழைக்கவும் தெரியும்.