மாட்டுக் கொட்டகைக்கு எக்ஸ்டென்ஷன் வயர் போதுமா?

வீட்டிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை. இரவில் ஒரு விளக்கு வேண்டும், காலையில் தண்ணீர் பம்ப் ஓட வேண்டும். இதற்காகச் சமையலறை பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை வேலியோரமாக இழுத்து விடும் பழக்கம் தோட்டங்களிலும் கம்பங்களிலும் இன்னும் இருக்கிறது.

வயர் நீள நீள மின்னழுத்தம் குறையும். ஒரு குதிரைத்திறன் பம்ப், ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அப்போது 30 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 60 மீட்டருக்குள் சுமார் 32 வோல்ட் குறைந்துவிடும். 230 வோல்ட் 198 ஆகிறது. மோட்டார் சுழலாமல் முனகி, சுருள் கருகக்கூடும். 6 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இந்த இழப்பு 13 வோல்ட்தான். கடையில் வாங்கும் எக்ஸ்டென்ஷன் வயரோ பெரும்பாலும் 2.5-ஐவிட மெல்லியது.

பம்ப் போனால் வேறு வாங்கலாம். பெரிய ஆபத்து மின்கசிவு. மலேசிய வீடுகளில் எர்த் என்பது பொதுவாக வீட்டருகே மண்ணில் அடித்த கம்பிதான். மண் வழியாகத் திரும்பும் மின்சாரம் குறைவு என்பதால், எம்.சி.பி. பல வேளைகளில் விழாது. தோல் உரிந்த வயர் இரும்புத் தூணைத் தொட்டால் தூண் முழுதும் மின்சாரம் நிற்கும். மாட்டுக்கு ஆபத்து இன்னும் அதிகம்: ஈரத் தரையில் முன்கால், பின்கால் இடைவெளியில் பாயும் மின்சாரம் இதயம் வழியாகப் போகும்.

இங்கே உயிர் காப்பது ஆர்.சி.சி.பி. கொட்டகைக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத வகை வேண்டும். வீட்டு மெயின் போர்டில் 100 மில்லி ஆம்பியர் வகை மட்டுமே இருக்கலாம், பார்த்துக்கொள்வது நல்லது. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

முறையான வழி, மெயின் போர்டிலிருந்து தனி இணைப்பு எடுத்து, கவசக் கேபிளை அரை மீட்டர் ஆழத்தில் புதைப்பது. மேலே எச்சரிக்கை நாடா போட வேண்டும். நாலு வருடம் கழித்து வாழைக்கன்று நடத் தோண்டுபவருக்குக் கேபிள் நினைவிருக்காது. வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனிடம்தான் கொடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் வீடு என்றால் முதலில் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

செலவு அதிகம் என்று தயங்குவோருக்கு இன்னொரு வழி உண்டு. பம்பை வீட்டருகிலேயே வைத்து, தண்ணீர்க் குழாயை மட்டும் கொட்டகைவரை நீட்டலாம். இரவு வெளிச்சத்துக்கு ஒரு சோலார் விளக்கு போதும்.