மணலிக்கு எத்தனை மணிக்கு?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குப் பிரச்சாரம் ஓய்ந்தது. நடுவில் பதினெட்டு நாள். வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், ராயபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். வகுத்தால் ஒன்றுக்கு மூன்று நாள். திருவொற்றியூர்த் தொகுதியின் மேற்கு ஓரத்தில் கிடக்கும் மணலிக்கு அதில் எத்தனை மணி நேரம்? அதை முடிவு செய்யும் தாளுக்குக் கட்சிக்காரர்கள் வைத்த பெயர் ‘டூர் புரோகிராம்’.

அதை எழுதுவது வேட்பாளர் அல்ல. தேர்தல் பணிமனையில் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். ‘எங்க வட்டத்துக்கு எப்பண்ணே?’ என்று போன் வந்துகொண்டே இருக்கும். அவர் கணக்குப் போடுவது பின்னாலிருந்து. பொதுக்கூட்டம், ஒலிபெருக்கி, ஊர்வலம் எல்லாவற்றுக்கும் தேர்தல் ஆணையத்தின் ‘சுவிதா’ தளத்தில் 48 மணி நேரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், முந்தியவருக்கே இடம். ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு வெள்ளியன்றே திடல் முடிவாகிவிட வேண்டும்.

மணலியில் கடிகாரத்தைவிட ட்ரெய்லர் லாரிக்குத்தான் பயப்பட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள் எம்.எஃப்.எல். சந்திப்பில் வரிசை கட்டினால் பிரச்சார வேனும் அதில் ஒன்று. தொழிற்சாலை வாசலில் கூட்டம் வேண்டுமென்றால் ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். கால் மணி நேரம் தவறினால் வாசல் காலி. இதற்கிடையே ஒவ்வொரு ‘பாயிண்ட்’டிலும் சால்வை, ஆரத்தி, குழந்தைக்குப் பெயர் வைத்தல். தாளை எழுதுபவர் அனுபவசாலி என்றால், வேட்பாளரிடம் சொல்லாமலே நேரத்தை இரட்டித்து எழுதிவிடுவார். இருபது பாயிண்டில் கையசைத்துப் போவதைவிடப் பத்தில் நின்று பேசுவது மேல் என்பது என் கட்சி. இரவு 10 தாண்டினால் மைக் கிடையாது, வெறும் கும்பிடுதான்.

தாளோடு இன்னொன்றும் போகும்: ஒவ்வொரு இடத்துக்கும் அரைப்பக்கக் குறிப்பு. வரவேற்பது யார், கூட்டணிக் கட்சியில் யாருக்கு யாரோடு மனக்கசப்பு, சமீபத்தில் யார் வீட்டில் துக்கம். அமெரிக்காவில் 1932-இல் ரூஸ்வெல்ட்டுக்குப் பிரச்சாரம் நடத்திய ஜேம்ஸ் பார்லி இப்படி ஆள் ஆளாகக் குறித்துவைத்த கோப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது.

இங்கே குறிப்பின் முதல் வரி ஆளைப் பற்றியது அல்ல, எண்ணெயைப் பற்றியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவிப் படகிலும் வலையிலும் அப்பியது. நான்கு மாதத்தில் தேர்தல். மீனவர் குப்பத்தில் நிவாரணத்தைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாது. 1969-இலிருந்து ஓடும் அதே ஆலையின் வாசலிலோ, உள்ளூர்க்காரருக்கு வேலை, ஒப்பந்தத் தொழிலாளருக்கு நிரந்தரம் என்பதே பேச்சு. காலையில் குப்பத்தில் ‘ஆலையை மூடு’ என்று முழங்கிவிட்டு மதியம் வாசலில் ஓட்டுக் கேட்க முடியுமா? இரண்டு குறிப்பையும் ஒரே கை எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் நிற்கக்கூடிய ஒரே வாக்கியத்தைத் தேட வேண்டும். போனில் பதிவான பேச்சு உடனுக்குடன் குப்பத்திலிருந்து வாசலுக்கு வந்துவிடும் காலம் இது.

தாளின் ஒரு நகல் கணக்கு எழுதுபவருக்கும் போகும். மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். மணலிக் கூட்டத்தில் எத்தனை நாற்காலி, எத்தனை ஒலிபெருக்கி, எத்தனை வண்டி என்பதை ஆணையத்தின் வீடியோ குழு எண்ணுவதற்கு முன் அவர் எண்ணியிருக்க வேண்டும்.