பயிற்சி வகுப்பில் கேட்டதை வயலுக்குக் கொண்டுவருதல்

கெலிஓயாப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியிலுள்ள கெலிஓயாவுக்குக் கன்னொறுவை அதிக தூரமன்று. பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலி கங்கைக்கு அப்பாலுள்ள அவ்விடத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் பயிற்சி நிலையமும் அமைந்திருக்கின்றன. ஆகவே பயிற்சி வகுப்பொன்றுக்குச் சென்று திரும்புவது வேறு பல மாவட்டத்தாரினும் நம்மவர்க்கு எளிது. அங்கே கேட்டதை வேண்டிய நாள்வரை பிழையின்றிக் காப்பதுதான் எளிதன்று.

இதற்குக் காரணம் கமக்காரரின் கவனக்குறைவென்று கூறுவது நியாயமாகாது. வகுப்பு பெரும்பாலும் போகம் தொடங்குமுன் நடைபெறுகின்றது. அங்கே விளக்கப்படும் வேலையோ வாரங்கள் பல சென்ற பின்னரே வயலில் வருகின்றது. நெற்பயிருக்கு மேலுரமிடும் காலத்தை எடுத்துக்கொள்வோம். இளங்கதிர் தண்டினுள் தோன்றும் தருணத்தை நாட்களைக் கொண்டு மட்டும் கணிக்க முடியாது. இனத்துக்கினம், போகத்துக்குப் போகம் அது மாறும். உயர்ந்து நிற்கும் தாய்த்தண்டு ஒன்றை அடியோடு எடுத்து, கூரிய கத்தியால் நீளப்பாட்டிற் பிளந்து, மேற்கணுவுக்குச் சற்று மேலே பார்த்தல் வேண்டும். வெண்ணிறமாய், மயிரிழைபோன்ற நுனியுடன், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு முளை தென்படின் அதுவே வருங்கதிர். இதனை ஒருமுறை கண்ணாற் கண்டவர்க்கு ஐயம் எழாது. வாயாற் சொல்லக் கேட்டு இரண்டு மாதம் கழித்துத் தேடுபவரோ, இலைச் சுருளைக் கதிரென்று கொள்ளுதல் கூடும். உரிய வாரம் தவறிய உரம் பணத்தையும் விளைவையும் ஒருங்கே இழக்கச் செய்யும்.

இத்தகைய இடங்களிலேதான் ஒளிப்பதிவு பெரிதும் உதவுகின்றது. இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. போதனாசிரியரின் அனுமதி பெற்று, அவர் தண்டைப் பிளந்து காட்டுவதை இரண்டு நிமிடம் பதிந்துகொண்டால், வேலை வரும் நாளில் வரப்பிலே நின்று அதனை மீண்டும் பார்க்கலாம். அனுமதி கேட்டல் மரியாதைக்காக மட்டுமன்று. பதியப்படுகின்றதென்று அறிந்தவர் அளவுகளை நிறுத்தித் தெளிவாய்ச் சொல்வார்.

ஆனால் முழு வகுப்பையும் மூன்று மணி நேரம் பதிந்து, மின்விசிறியின் இரைச்சலோடு அயலவர் எல்லோருக்கும் அனுப்புவதாற் பயனில்லை. அதனை எவரும் முடிவுவரை கேட்பதில்லை. அனுப்பியவர்கூடக் கேட்பதில்லை என்பதே உண்மை. ஒரு வேலைக்கு ஒரு பதிவு போதும். விதை தெரிதல் ஒன்று, நாற்றுமேடையைத் தொற்று நீக்கல் ஒன்று, தெளிகருவியின் வாயைச் சீர்செய்தல் ஒன்று என வெவ்வேறாய் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் அவ்வேலை தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்னதாக அனுப்புவது உத்தமம். அளவுகளை மட்டும் பதிவை நம்பி விடலாகாது. அவற்றைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். எத்தனை லீற்றர் நீருக்கு எவ்வளவு மருந்து என்பதைக் காதாற் கேட்டு மனத்தில் வைப்பவர் பத்துக்கும் பதினாறுக்கும் மயங்குவர். கொடுக்கப்படும் துண்டுப்பிரசுரத்தின் ஓரத்திலேயே அதனைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி இவ்விடயத்தில் மிக முக்கியமானதொன்றைக் கூறவேண்டும். பதிவின் தொடக்கத்தில் திகதி, போகம், பயிர், இனம், விளக்கமளித்தவர் யார் என்பவற்றை வாயாற் சொல்லிப் பதிதல் அவசியம். திகதியற்ற பதிவு ஆபத்தானது. டைமெதோயேற்று, பென்தியன், பரகுவாற்று ஆகிய நஞ்சுகள் நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டுக்குள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. நஞ்சருந்தி இறப்போர் தொகையைக் குறைப்பதே அதன் நோக்கம். கிளைபொசேற்று 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் அத்தடை நீக்கப்பட்டது. இவ்வாண்டுகளில் நடைபெற்ற வகுப்புகளைச் சிந்தித்துப் பாருங்கள். அன்றன்று சரியாயிருந்த அறிவுரை அடுத்த ஆண்டிற் பொருந்தாமற் போயிற்று. ஒலிப்பதிவோ மூப்படைவதில்லை, பத்தாண்டு பழைய குரலும் நேற்றுப் பேசியது போலவே ஒலிக்கும். ஆகையால் மருந்தின் பெயரோ உரத்தின் அளவோ வரும் பழைய பதிவு கைக்குக் கிடைத்தால், அதனை அயலவருக்கு அனுப்புமுன் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தறிக. 1920 என்னும் திணைக்களத் தொலைபேசி இலக்கத்திலும் கேட்டறியலாம்.

பதிவை அனுப்பிவிட்டதால் மட்டும் அறிவு பரவிவிடுமோ? இவ்வினாவைக் கைத்தொலைபேசிக்கு வெகுகாலம் முன்னரே வானொலிக்காரர் ஆராய்ந்திருக்கின்றனர். 1956ஆம் ஆண்டில் இந்தியாவில், அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஐந்து மாவட்டங்களில், ஏறத்தாழ 150 கிராமங்களில் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் கூடி ஒரு சோதனை நடாத்தின. கிராமத்தவர் சிலர் குழுவாய்க் கூடி, வேளாண்மை முதலிய பொருள்கள் பற்றிய இருபது நிகழ்ச்சிகளைக் கேட்டனர். கேட்டபின் கலைந்துவிடாது தம்முள் விவாதித்தனர். எழுந்த ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்ப, அடுத்த நிகழ்ச்சிகளில் விடை வந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் இத்தகைய குழு இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, குழுவுள்ள கிராமத்தவரே மிகுதியாக அறிந்துகொண்டமை தெளிவாயிற்று. கருவி இருபாலார்க்கும் ஒன்றே. கூடிப் பேசுதலும் வினாவுக்கு விடை கிடைத்தலுமே வேறுபாடு.

தமிழ்நாட்டுத் தஞ்சைப் பகுதியிலும் 1960களில் இதன் வலிமை காணப்பட்டது. ஆடுதுறை 27 என்னும் நெல்லினம் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் வேகமாகப் பரவியது. ஆராய்ச்சி நிலையம் இட்ட பெயரை விட்டு, உழவர் அதனை “ரேடியோ நெல்” என்றே அழைத்தனர்.

கெலிஓயாவில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. வகுப்புக்குச் சென்றவர் ஒருவர், அயலவர் ஐந்தாறு பேர், ஒரு வீட்டுத் திண்ணை, சிறியதோர் ஒலிபெருக்கி ஆகியன போதும். பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டபின், விளங்காத இடத்தில் நிறுத்தி மீண்டும் கேளுங்கள். நாற்றுமேடையைப் பராமரிப்பவரும் களை பிடுங்குபவரும் பெரும்பாலும் பெண்களே. வகுப்புக்குச் செல்பவரோ பெரும்பாலும் ஆண்கள். எனவே பெண்களுக்கு வசதியான நேரத்திற் கூடுதல் வேண்டும். இதனை நாம் சிறு விடயமாகக் கருதவில்லை. நாற்றழுகல் நோயை முதலிற் காணும் கண் அவர்களுடையது.

மொழியும் கவனிக்கத்தக்கது. நம் பகுதியில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அயலயலே பயிர்செய்கின்றனர். சிங்களத்தில் நடந்த வகுப்பின் பதிவைத் தமிழிற் கேட்க விரும்புவோர் உளர், மறுதலையாகவும் உளர். இரு மொழியும் அறிந்தவர் பதிவின் பின்னர் தம் குரலில் இரண்டு நிமிடம் சுருக்கம் சொல்லிச் சேர்க்கலாம். நோய், பூச்சி ஆகியவற்றின் பெயரை மொழிபெயர்க்குமிடத்துப் படத்தையும் சேர்த்தனுப்புதல் நன்று. ஊருக்கூர் பெயர் மாறுகின்றது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் சேனாப் படைப்புழு சோளச் செய்கையைத் தாக்கியபோது, பெயரைக் கேட்டு வேறு புழுக்களையும் அதுவென்றெண்ணி அஞ்சுதற்கு இடமிருந்தது. தலையில் தலைகீழான ஆங்கில வை எழுத்துப் போன்ற வெளிர்நிறக் கோட்டையும், வால்முனையருகே சதுரமாயமைந்த நான்கு கரும்புள்ளிகளையும் காட்டும் படம் ஒன்றே அவ்வையத்தைத் தீர்க்கப் போதுமானது.

கூடியிருந்து கேட்கையில் எழும் வினாக்களை ஒரு தாளில் எழுதி, கீழே வயலின் இடத்தையும் பயிரின் வயதையும் குறித்து, விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படையுங்கள். விடையையும் அவர் குரலிலேயே பதிந்து முதற்பதிவோடு சேர்த்து வைத்தால், அடுத்த போகத்தில் அதே ஐயத்தோடு வருபவருக்கு அதனைக் கேட்பிக்கலாம். பெரும்போக வகுப்புக்குச் செல்லவிருப்போர் சென்ற போகத்துத் தாளையும் உடன் கொண்டுசெல்க; அதில் விடையின்றி எஞ்சியவற்றை அங்கே முதலிற் கேட்கலாம்.