இந்தியாவில் காசநோய் எதிர்ப்புக் கூட்டுமுயற்சிகள்

இந்தியாவில் காசநோய் எதிர்ப்புக் கூட்டுமுயற்சிகள் என்பன, காசநோயைக் கண்டறியவும் குணப்படுத்தவும் பரவாமல் தடுக்கவும் நடுவண் அரசு, மாநில அரசுகள், ஆய்வு நிறுவனங்கள், தனியார் மருத்துவர்கள், தொண்டு நிறுவனங்கள், நோயிலிருந்து மீண்டோர் ஆகியோர் இணைந்து செயற்படும் ஏற்பாடுகளைக் குறிக்கும். உலகக் காசநோயாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். தமிழ்நாட்டின் சவ்வாது மலை போன்ற பழங்குடிப் பகுதிகளில் இவ்வேற்பாடுகளின் பயனும் குறைகளும் தெளிவாக வெளிப்படுகின்றன.

கூட்டுமுயற்சியின் தேவை

காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை இராபர்ட் கோக் கண்டறிந்து, 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அந்நாளே உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய மருந்துகள் கொண்ட ஆறு மாதச் சிகிச்சை வழக்கமாக அளிக்கப்படுகிறது.

மருந்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் குறைந்துவிடுவதால், நோய் நீங்கிவிட்டதாகக் கருதிப் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இதனால் நோய் மீண்டும் தோன்றக்கூடும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் உருவாகக்கூடும். எனவே மருந்தைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது. ஆறு மாதமும் அது நோயாளியைச் சென்றடைய வேண்டும். அக்காலத்தில் அவருடைய குடும்பம் பட்டினி கிடக்காமலும் இருக்க வேண்டும். இவ்வனைத்தையும் மருத்துவமனை ஒன்றே தனித்துச் செய்துவிட இயலாது.

தொடக்ககால முயற்சிகள்

மருந்துகள் இல்லாத காலத்தில் ஓய்வு, தூய காற்று, நல்லுணவு ஆகியவற்றை அளிக்கும் காசநோய் நிலையங்களே சிகிச்சையிடங்களாக இருந்தன. அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியில் பல கிறித்தவ மறைப்பணி அமைப்புகள் ஒன்றுகூடி ஆரோக்கியவரம் நிலையத்தை 1910களில் நிறுவின. தாம்பரம் நிலையத்தை மருத்துவர் சௌரி முத்து 1928 இல் தொடங்கினார்; 1937 இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. நாடு முழுவதுமான பணிகளை ஒருங்கிணைக்க இந்தியக் காசநோய்ச் சங்கம் 1939 இல் அமைக்கப்பட்டது.

சென்னை ஆய்வு

1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இணைந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகும்.

மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடைபெற்ற முதல் ஆய்வில், ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினர் காசநோய் நிலையத்திலும், மற்றொரு பகுதியினர் தத்தம் வீடுகளிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான இடத்தில், குறைந்த உணவுடன் வாழ்ந்தவர்கள். ஆயினும் இரு பிரிவினரின் குணமடைதலும் ஏறத்தாழ ஒத்திருந்தது. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் நோய்த்தொற்று ஏற்படவில்லை என்பதும் அறியப்பட்டது. 1959 இல் வெளியான இம்முடிவு, படுக்கைகள் போதாத நாடுகள் அனைத்திற்கும் வழிகாட்டியது. அதே ஆண்டில் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962 இல் தேசியக் காசநோய்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

தேசிய, பன்னாட்டுக் கூட்டமைப்புகள்

சிகிச்சையை முடிப்போர் தொகை குறைவாக இருந்தமையால், 1992 இல் இந்திய அரசும் உலக சுகாதார அமைப்பும் சுவீடிய வளர்ச்சி உதவி நிறுவனமும் இணைந்து திட்டத்தை மீளாய்வு செய்தன. இதன் பயனாகத் திருத்தப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1993 இல் சோதனை முறையில் தொடங்கி, 1997 முதல் விரிவாக்கப்பட்டு, 2006 இல் நாடு முழுவதையும் எட்டியது. நோயாளி மருந்து உட்கொள்வதை வேறொருவர் நேரில் உறுதிசெய்யும் 'டாட்ஸ்' முறை இதன் அடிப்படையாக அமைந்தது. இத்திட்டம் 2020 இல் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

உலக அளவில் 2000 ஆம் ஆண்டின் ஆம்சுடர்டாம் அறிவிப்பைத் தொடர்ந்து 'காசநோயை நிறுத்துவோம்' கூட்டாண்மை உருவானது. அதன் இரண்டாவது மாநாடு 2004 மார்ச்சில் புதுதில்லியில் நடைபெற்றது.

இந்தியாவில் நோயாளிகள் பலர் முதலில் நாடுவது தனியார் மருத்துவரையே. அவர்களைத் திட்டத்துடன் இணைக்க, சென்னையில் 1999 இல் தொடங்கப்பட்ட 'ரீச்' போன்ற தொண்டு நிறுவனங்கள் முயன்றன. காசநோயாளர் பற்றிய தகவலைத் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என 2012 இல் ஆணையிடப்பட்டது. அதற்கென 'நிக்சய்' என்னும் கணினிப் பதிவேடும் ஏற்படுத்தப்பட்டது.

சவ்வாது மலையும் பழங்குடிப் பகுதிகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான சவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. ஜமுனாமரத்தூர் இங்குள்ள முதன்மையான ஊர். சாமை பயிரிடும் மலையாளி பழங்குடியினர் சிதறிய சிற்றூர்களில் வாழ்கின்றனர். வேலை தேடிப் பல குடும்பங்கள் வெளியூர்களுக்குச் சென்று திரும்புகின்றன.

இத்தகைய பகுதியில் மூன்று தடைகள் உள்ளன. சளிப் பரிசோதனைக்காக மலைப்பாதையில் சென்று வருவோர் ஒரு நாள் கூலியை இழக்கின்றனர். சிகிச்சையின் நடுவே இடம்பெயர்வோருக்கு மருந்து தொடர்ந்து கிடைக்காமல் போகலாம். மேலும் ஒரே மலையின் மக்கள் வெவ்வேறு மாவட்ட நிர்வாகங்களின் கீழ் வருவதால், எல்லை கடக்கும் நோயாளியைப் பற்றிய செய்தியும் அவருடன் கடந்து செல்ல வேண்டியுள்ளது.

இத்தடைகளைக் கருதியே, திருத்தப்பட்ட திட்டத்தில் சமவெளியில் 1,00,000 பேருக்கு ஒன்றாக இருந்த சளிப் பரிசோதனை மையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 50,000 பேருக்கு ஒன்றாக வகுக்கப்பட்டது. பழங்குடி நோயாளிகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் ரூ. 750 பயணத்தொகையும் ஏற்படுத்தப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் 'ட்ரூநாட்' கருவி, மரபணுப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுவர உதவியது. தமிழ்நாட்டின் பழங்குடிப் பகுதியொன்றில், எழுத்தறிவு பெற்ற பழங்குடி இளைஞர்களை நோயாளிகளைக் கண்டறியும் பணியில் ஈடுபடுத்தும் சாத்தியத்தை ஆராய்ந்த ஆய்வு 1995 இல் வெளியானது. 2021 இல் நடுவண் சுகாதார அமைச்சகமும் பழங்குடியினர் நல அமைச்சகமும் பழங்குடியினருக்கான கூட்டு முயற்சியைத் தொடங்கின.

உணவும் உயிர்காப்பும்

ஊட்டச்சத்துக் குறைவு காசநோய்க்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 2018 முதல் நோயாளிகளுக்கு மாதம் ரூ. 500 வழங்கப்பட்டது, 2024 நவம்பர் முதல் இது ரூ. 1,000 ஆக உயர்த்தப்பட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்சய் மித்ரா' ஏற்பாட்டில் தனியாரும் நிறுவனங்களும் நோயாளிகளுக்கு உணவுப்பொருள் வழங்குகின்றனர். நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப்பொருள் அளித்தால் அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதாகச் சார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023 இல் காட்டியது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. நோய் உறுதியானவுடன் உடல் எடை, மூச்சு வீதம், குருதியின் ஆக்சிசன் அளவு, கால் வீக்கம், துணையின்றி நிற்கும் திறன் ஆகியவை பார்க்கப்படுகின்றன. இவற்றைக் கொண்டு, இறக்கும் வாய்ப்பு மிகுந்தோர் இனங்காணப்பட்டு உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர்.

மதிப்பீடு

2025 ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழிக்க வேண்டும் என்னும் இந்தியாவின் இலக்கு எட்டப்படவில்லை. எனினும் உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி, 2015 இல் இலட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளர் வீதம் 2024 இல் 187 ஆகக் குறைந்துள்ளது. இக்குறைவு நாட்டின் சராசரியே ஆகும். தொலைவும் வறுமையும் இடப்பெயர்வும் ஒருங்கே அமைந்த மலையூர்களில், பரிசோதனை, மருந்து, உணவு, பயணம் ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் சிகிச்சை முறிந்துவிடும். இவை வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் இருப்பதால், அத்துறைகள் ஒரே நோயாளிக்காக ஒன்றுசேர்வதே கூட்டுமுயற்சியின் நடைமுறைப் பொருளாகும்.