கேட்பவர் யார்?

வரலாறு பயிலும் உனக்கு ஸ்பானிய மொழி எதற்கு என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. ஸ்பெயின் நாட்டுச் செவீயா நகரில் எனக்கொரு பேனா நண்பர் இருக்கிறார். அவர் பொருட்டே கற்கத் தொடங்கினேன். சென்ற ஆண்டு அவர் தம் மடலின் இறுதியில் 'கியேரோ ஓஈர்த்தே' என்று எழுதியிருந்தார். கியேரோ என்றால் விரும்புகிறேன். ஓஈர் என்றால் கேட்க. ஈற்றிலுள்ள 'தே' உன்னைக் குறிப்பது. 'நீ கேட்க விரும்புகிறேன்' என்று பொருள் கொண்டேன். தம் குரலைப் பதிவு செய்து அனுப்பப் போகிறார் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். அவரோ என் குரலுக்காகக் காத்திருந்தார்! 'நீ பேசுவதைக் கேட்க விரும்புகிறேன்' என்பதே அவர் எழுதியது. பிறகு வந்த மடல் மிகச் சுருக்கமாக இருந்தது.

என்னை ஏமாற்றியது என் தமிழ்ப் பழக்கமே. கேட்டேன், கேட்டாய், கேட்டாள் என வினையின் ஈறு நமக்குச் செய்பவரைக் காட்டும். ஸ்பானிய வினைமுற்றும் அவ்வாறே; 'ஓய்கோ' என்றாலே 'கேட்கிறேன்'. ஆனால் நம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்தை ஒத்த ஓஈர் என்ற வடிவத்தின் வாலில் ஒட்டுவது செயப்படுபொருள். ஓஈர்மே என்றால் என்னைக் கேட்க. ஓஈர்லோ என்றால் அதைக் கேட்க. இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுத வேண்டும். 'ஈ' ஒலிக்குரிய எழுத்தின் மேலுள்ள சாய்கோடும் அப்படியே நிற்கும். அது இல்லையேல் இரண்டு உயிரும் கலந்து 'ஓய்' என்றாகிவிடும்.

வினைமுற்றோடு வந்தால் இந்தச் சிறுசொல் முன்னே தனித்து நிற்கும்: 'லோ ஓய்கோ', அதைக் கேட்கிறேன். இரு வினைகள் சேர்ந்து வந்தால் 'கியேரோ ஓஈர்லோ' என்றும் சொல்லலாம், 'லோ கியேரோ ஓஈர்' என்றும் சொல்லலாம், பொருள் ஒன்றே. நடுவில் மட்டும் நுழைக்கலாகாது. 'அதைக் கேட்க' என்னும் நம் சொல்வரிசையை நம்பி 'கியேரோ லோ ஓஈர்' என்று எழுதி, என் பயிற்சி ஏட்டில் சிவப்பு மை வாங்கியவன் நான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஓஈர்லா கன்தார்'. அவள் பாடுவதைக் கேட்க என்று பொருள். தமிழில் 'அவள்' பாடுதலுக்கு எழுவாய். அங்கோ 'லா' என்பது 'அவளை' என்று கேட்டலின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. பாட்டையும் சுட்டவேண்டுமா? 'ஓஈர்சேலா கன்தார்' எனலாம். இங்கே 'சே' பாடுபவளைச் சுட்ட, 'லா' பாட்டைச் சுட்டும். பாட்டு அம்மொழியில் பெண்பால். ஒரு சொல்லின் வாலில் இருவர்!

இன்னொரு பொறி: நாம் பாட்டையும் கேட்கிறோம், வினாவையும் கேட்கிறோம். ஓஈர் வினாவுக்கு உதவாது. அதற்குப் 'ப்ரெகுந்தார்' என்று வேறு வினை உண்டு. கருத்தூன்றிச் செவிமடுப்பதற்கோ 'எஸ்குச்சார்'.

சென்ற மாதம் என் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். நீண்ட மடல் ஒன்று பதிலாக வந்தது. அதில், 'லா' வரவேண்டிய இரண்டு இடங்களில் நான் 'லோ' என்று சொல்லிவிட்டதாகக் குறித்திருந்தார்.