ஒன்றையொன்று பற்றி நிற்கும் பணிகள்

சிறியதொரு வாசிகசாலைக் கட்டடத்தை எழுப்ப எண்ணியுள்ளோம் என்று வைத்துக்கொள்வோம். அத்திவாரத்திற்கு 10 நாள்; சுவருக்கு 15 நாள்; கூரைக்கு 8 நாள். தச்சர் தமது பட்டறையில் கதவு யன்னல்களைச் செய்து முடிக்க 12 நாள். கூரை வேய்ந்த பின்னர் அவற்றைக் கொண்டுவந்து பொருத்த 3 நாள். இவற்றைக் கூட்டினால் 48 நாள் வருகின்றது. ஆயின் கட்டடம் முடிய 48 நாள் ஆகுமோ? ஆகாது. அத்திவாரம் வெட்டும் அதே நாளில் தச்சர் தம் உளியை எடுக்கலாம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே அத்திவாரம், சுவர், கூரை, பொருத்துதல் என்னும் நான்கும் வரிசையாகச் சென்று 36 நாளில் வேலை முடியும்.

இந்த நான்கு பணிகளுள் எதில் ஒரு நாள் பிந்தினாலும் கட்டடமும் ஒரு நாள் பிந்தும். அதனால் இவ்வரிசையை நெருக்கடிப் பாதை என்கிறோம். தச்சருடைய நிலை வேறு. அவர் 33 ஆம் நாள் முடியுமுன் கதவுகளைத் தந்தாற் போதும். ஆகவே 21 நாள் பிந்தித் தொடங்கினாலும் எவருக்கும் இழப்பில்லை. இந்த 21 நாளே அவருடைய பணிக்குள்ள தொய்வு. ஆனால் மரம் வந்துசேர 25 நாள் சென்றால் என்னவாகும்? கதவுகள் 37 ஆம் நாளில் முடியும். கட்டடம் 40 ஆம் நாளில் முடியும். அப்பொழுது நெருக்கடிப் பாதை மேசனை விட்டுத் தச்சரிடம் தாவிவிடும். நேற்றுவரை எவரும் பொருட்படுத்தாதிருந்த மரக்காலைக்கு அன்றிலிருந்து நாள்தோறும் ஆள் அனுப்ப வேண்டிவரும்.

ஐந்து பணிகளாயின் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்நூறு பணிகளாயின் கணினியின் துணை வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளரான ஹென்றி காண்ட் முதலாம் உலக யுத்த காலத்தையொட்டிப் பரப்பிய கோட்டுப் படம், ஒவ்வொரு பணியும் எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும் என்பதை அழகாகக் காட்டிற்று. எந்தப் பணி எதனைப் பற்றி நிற்கின்றது என்பதை அது காட்டவில்லை. அக்குறையை நீக்கும் முயற்சி 1957 இல் தொடங்கியது. டியூபொன்ற் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வாக்கரும், றெமிங்ரன் றான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும், பணிகளை இணைப்புகளோடு சேர்த்து யுனிவாக் கணினிக்கு ஊட்டி நெருக்கடிப் பாதையைக் கணிக்கும் முறையை வகுத்தனர். இரசாயன ஆலைகளைப் பழுதுபார்ப்பதற்காக மூடிவைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பணநட்டம் என்பதால், அம்முறை அங்கே பெரிதும் வரவேற்கப்பட்டது.

ஏறக்குறைய அதே வேளையில், 1958 இல், அமெரிக்கக் கடற்படை போலாறிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 'பேர்ட்' என்னும் முறையை அமைத்தது. 1960 ஜூலையில் நீர்மூழ்கிக் கப்பலொன்றிலிருந்து போலாறிஸ் ஏவப்பட்டதும் அம்முறையின் புகழ் உலகெங்கும் பரவிற்று. அப்புகழில் ஒரு பங்கு விளம்பரத்தால் வந்ததென்று ஹார்வி சபோல்ஸ்கி என்னும் ஆய்வாளர் 1972 இல் வெளியான தம் நூலிலே காட்டியிருக்கிறார். 1961 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோன் பொன்டால், கணினியின்றியே கட்டட வேலையாட்கள் கையாளத்தக்க எளிய வரைபட முறையொன்றை வெளியிட்டார். பணியைப் பெட்டியாகவும் இணைப்பை அம்பாகவும் வரையும் அம்முறையே, 1980களில் பரவத் தொடங்கிய பிறிமவெறா, மைக்ரோசொப்ட் புரொஜெக்ற் போன்ற மென்பொருள்களுக்குள் இன்றும் இயங்குகின்றது.

இம்மென்பொருள்களில் இணைப்புகள் நான்கு வகை. முன்பணி முடிந்த பின்பே அடுத்த பணி தொடங்கும் என்பது முதல்வகை. பெரும்பாலான இணைப்புகள் இதில் அடங்கும். முன்பணி தொடங்கியபின் மற்றதும் தொடங்கலாம் என்பது இரண்டாவது. முன்பணி முடியாமல் மற்றது முடியலாகாது என்பது மூன்றாவது. நான்காவது வகை அரிது: புதிய காவலாளி வந்து கடமையைத் தொடங்கினாலன்றிப் பழைய காவலாளியின் கடமை முடியாது என்பது போன்றது.

இரண்டாம் வகையிற்றான் பலர் இடறுகின்றனர். நீர்க்குழாய் பதிக்கக் கான் வெட்டுகிறோம். வெட்டத் தொடங்கி இரண்டு நாளிற் குழாய் பதிப்போரும் பின்தொடரலாம். ஆகவே தொடக்கத்தையும் தொடக்கத்தையும் இணைத்துவிட்டு, கருமம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வழியிலே பாறை தட்டுகின்றது. கான் வெட்டும் வேலை 10 நாளிலிருந்து 20 நாளாக நீள்கின்றது. திட்டமோ, வெட்டாத கானுக்குள்ளே குழாய் பதித்து முடிந்துவிட்டதாகக் காட்டுகின்றது! முடிவையும் முடிவையும் இணைக்கும் மூன்றாம் வகை இணைப்பொன்றையும் சேர்த்துப் போட்டிருந்தால் இந்த வேடிக்கை நிகழ்ந்திராது.

இணைப்பிலே இடைக்காலமும் வைக்கலாம். கொங்கிறீற்று இறுகுவதற்கு 7 நாள் விடவேண்டும் என்றால், அத்திவாரத்திற்கும் சுவருக்கும் இடையில் அதனைக் குறிக்கலாம். இங்கே நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் வழக்கமாக வேலைநாட்களையே எண்ணும். ஞாயிறும் போயா தினமும் விடுமுறையென்று அதற்குச் சொல்லியிருந்தால் அவற்றை விலக்கியே எண்ணும். மேசன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கிறார், கொங்கிறீற்று ஓய்வெடுப்பதில்லை. ஆகவே இவ்வகைக் காத்திருப்பை இடையறாது ஓடும் நாட்களாகக் குறிப்பது முறை. மைக்ரோசொப்ட் புரொஜெக்ற்றில் அதற்கெனத் தனி அலகே உண்டு.

இனி, எல்லாவற்றினும் மேலான தொல்லைக்கு வருவோம். அது கையாலே திகதி எழுதும் பழக்கம். கூரை வேலை எந்நாள் தொடங்கும் என்பதை இணைப்புகளிலிருந்து கணித்துச் சொல்வது மென்பொருளின் கடமை. நாமோ அவசரப்பட்டு அக்கட்டத்திலே ஒரு திகதியை எழுதிவிடுகிறோம். இந்நாளுக்கு முன்னர் தொடங்கலாகாது என்றொரு கட்டளையாக மைக்ரோசொப்ட் புரொஜெக்ற் அதனை ஏற்றுக்கொள்ளும். சுவர் ஐந்து நாள் முந்தி முடிந்தாலும் கூரை அசையாது. மிச்சப்படுத்திய ஐந்து நாளும் வீணாகும். இந்நாளிலேயே தொடங்கவேண்டும் என்னும் கடுமையான கட்டளையைப் போட்டுவிட்டாலோ, தீங்கு இன்னும் பெரிது. மழையால் அத்திவாரம் பிந்துகின்றது. சுவர் பாதியில் நிற்கின்றது. கடதாசியிற் கூரையின் திகதி மட்டும் மாறாதிருக்கின்றது. அத்திகதியை நம்பி ஓடுகள் வந்திறங்குகின்றன. கூரை வேலையாட்களும் வந்து, ஏறுவதற்குச் சுவரில்லாமல், அன்றைய கூலியை இழந்து திரும்புகிறார்கள். 2010 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, பணிகளை முற்றிலும் கைவழியே நிறுத்திவைக்கும் வசதியையும் அம்மென்பொருள் தருகின்றது. தொடக்க யோசனைகளுக்கு அது நன்று. வேலை நடக்கத் தொடங்கியபின் அதனை விட்டுவைப்பதை என்னால் ஒப்பமுடியவில்லை.

இணைப்புகளை மிகுதியாகப் போடுவதும் கேடே. சுவரில்லாமற் கூரையில்லை என்பது இயற்கையின் கட்டளை. அதனை எவரும் மாற்றமுடியாது. முன்கட்டடத்தை முடித்துப் பின்கட்டடத்தைத் தொடங்குவோம் என்பதோ, நம்மிடம் ஒரே மேசன் குழு இருப்பதால் நாம் செய்துகொண்ட ஏற்பாடு. இன்னொரு குழு கிடைத்தால் அவ்விணைப்பை அறுத்துவிடலாம். இவ்விரு வகையையும் பிரித்தறியும் வண்ணம் பணியின் குறிப்பிலே ஒரு வரி எழுதிவைப்பவர்கள், நாள் நெருக்கும்போது எதை அறுக்கலாம் என்று தேடி அலையமாட்டார்கள்.

உங்கள் கையிலுள்ள திட்டம் செவ்வையானதா என்று அறிய எளிய சோதனையொன்று உண்டு. அதன் பிரதியொன்றை எடுத்து, நெருக்கடிப் பாதையின் முதற் பணியை 10 நாளால் நீட்டிப் பாருங்கள். கடைசித் திகதியும் 10 வேலைநாள் தள்ளிப்போக வேண்டும். போகவில்லையாயின், அசையாது நிற்கும் முதற் பணி எதுவென்று மேலிருந்து கீழாகப் பார்த்துச் செல்லுங்கள். அங்கே யாரோ எழுதிய ஒரு திகதியோ, போட மறந்த ஓர் இணைப்போ அகப்படும்.